ஒரு மரத்துக்கு நாலு படம்

மொன்றியல்
9 அக்டோபர் 2022

அன்புத் தங்கை துர்ராவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்கும் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் சல்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும், குளிர் வரப்போகுதுன்னு ரேடியோவுக்கு முன்னாடியே அறிவிச்சுடுது. நீ எப்படி இருக்கே? போன்ல கேட்டா "நல்லா இருக்கேன், ஹம்துலில்லாஹ்"னு சொல்லி வச்சுடுவே. அதான் மெயில்ல எழுதறேன். எழுத்துல உன்னால அவ்வளவு சுலபமா நழுவ முடியாது.

விஷயம் இதுதான். மொராக்கோவுல மெக்னஸ் பக்கம் இல்ஹாம்னு ஒரு விவசாய எஞ்சினியர் பொண்ணு, நம்ம 'ஷெம்லாலி' புரோகிராமைத் தோப்புல ஓட்டறா. இலையைப் படம் பிடிச்சுக் கொடுத்தா, ஆலிவ் மரத்துக்கு வாடல் நோயா, இல்லை வெறும் தாகமான்னு அது சொல்லணும். அதுக்குத்தானே உன் நிஸார் அதை எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு உலகத்துக்கே திறந்து வச்சான். ஆனா அவ லேப்டாப் பழசு. ஒரு தோப்புக்கு அஞ்சு மணி நேரம் ஆகுதாம். "ஐயா, அதுக்குள்ள மரமே போய்ச் சேர்ந்துடும்"னு பொதுப் பக்கத்துல எழுதியிருக்கா. சிரிப்பு வந்தது, வெட்கமாவும் இருந்தது.

இந்தக் குளிர்காலம் எனக்கு வேலை கம்மி. அந்தப் புரோகிராம்ல கத்துக்கற பகுதி இருக்கே, அதை அடியிலிருந்து திருப்பி எழுதிப் பார்க்கட்டுமா? யார் வேணும்னாலும் திருத்தி அனுப்பலாம்தான், ஆனா உன் சம்மதம் இல்லாம எதுவும் உள்ளே போகாது. அதோட அது நிஸார் எழுதினது. கேட்காம கை வைக்க மனசு வரலை.

உன் மாமனார் தோப்புல, அவர் பிக்கப் வண்டி பேட்டரியில நிஸார் கம்ப்யூட்டரை மாட்டி ஓட்டினானே, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் வண்டி கிளம்பலை. நாம மூணு பேரும் தார் ரோடு வரைக்கும் தள்ளினோம். "ஆயிரம் மரத்தை எண்ணத் தெரிஞ்ச பயலுக்கு பேட்டரி தீரும்னு தெரியலையா?"ன்னு அவர் கத்தினது இப்பவும் காதுல கேட்குது. நிஸார் கண்ணை மூடி மூணு வருஷம் ஆச்சுங்கறதை நான் இன்னும் நம்பலை.

மாமனாருக்கு என் சலாம். உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அண்ணன்
ஹாத்திம்


ஸ்ஃபாக்ஸ்
2 நவம்பர் 2022

அண்ணா,

உன் முழங்காலுக்கு சீக்கிரம் குணமாகணும், ரேடியோக்காரங்க பொழைப்பு கெடக்கூடாது பாரு. நான் நல்லா இருக்கேன். இதோ, எழுத்துலயும் நழுவிட்டேன்!

பதில் எழுத மூணு வாரம் ஆனதுக்கு அறுவடை மேல பழி போடறேன். மாமா காலையிலேயே ஏணியும் வலையுமா கிளம்பிடறார். எழுபத்தாறு வயசு. "கீழே நின்னு பொறுக்குங்களேன்"னு சொன்னா, "கீழே நிக்கிறது உங்க படிச்சவங்க வேலை"ங்கறார்.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு நிஸாரோட புரோகிராமைத் திறந்தேன். ரொம்ப நாளாச்சு அண்ணா. இருநூத்திப் பத்தாவது வரிக்கு மேல எழுதி வச்சிருக்கான்: "இதைத் தொடாதே. ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது." சிரிச்சேன். அப்புறம் மூடி வச்சுட்டேன்.

சரி, எழுது. ஆனா ஒரு நிபந்தனை. இப்போ நூறு மரத்துல தொண்ணூத்தாறைச் சரியாச் சொல்லுதுன்னு அவன் கட்டுரை எழுதினான். அந்தத் தொண்ணூத்தாறுல ஒண்ணு குறைஞ்சாலும் நான் சேர்க்க மாட்டேன். வர்ற மே மாசம் அவன் வேலை பார்த்த இன்ஸ்டிட்யூட்ல கம்ப்யூட்டர் கூடத்துக்கு அவன் பேர் வைக்கப் போறாங்க. டைரக்டரே கூப்பிட்டுச் சொன்னார். அந்தத் தொண்ணூத்தாறுக்காகத்தான். மாமாகிட்ட சொன்னதும் மனுஷன் எழுந்து வெளியே போய் நின்னுட்டார்.

அதனால பார்த்துச் செய். சல்மாவுக்கு என் முத்தங்கள்.

துர்ரா


மொன்றியல்
20 நவம்பர் 2022

என் வாயாடித் தங்கைக்கு,

நீயும் மாமாவும் நலமா இருக்கணும்னு எப்பவும் போல வேண்டிக்கறேன். இங்கே பனி விழுந்தாச்சு.

வெற்றி! அஞ்சு மணி நேரம் பதினெட்டு நிமிஷம் ஆயிடுச்சு! நிஸாரோட புரோகிராம் ஒவ்வொரு படத்தையும் நம்ம நாலாயிரத்து நானூறு படத்தோட ஒப்பிட்டுப் பார்க்குது, அடுத்த படத்துக்கு வரும்போது போட்ட கணக்கையே மறுபடி முதல்லேருந்து போடுது. போட்டதை எடுத்து வச்சுக்கோன்னு சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான். தொண்ணூத்தாறும் அப்படியே வந்தது. உன் நிபந்தனை காப்பாத்தியாச்சு.

ஒரு சின்ன நெருடல். இல்ஹாமோட தோப்புல அறுநூறு மரம். அதுல இருநூத்திப் பன்னிரண்டுக்கு நோய்னு ஷெம்லாலி சொல்லுது. சந்தேகப்பட்டு, அதுல பத்து மரத்துலேருந்து கிளை வெட்டி லேபுக்கு அனுப்பினாளாம். ஆறுல நோயே இல்லை. பத்துக்கு ஆறு தப்புன்னா, நம்ம தொண்ணூத்தாறு எங்கே போச்சு? நம்ம பழைய படங்களை ஒரு தடவை மூலத்துலேருந்து பார்க்கணும். கேமராவுலேருந்து இறக்கினபடியே, பழைய பேரோட உன்கிட்ட இருந்தா அனுப்பு.

அந்த வசந்தகாலம் எவ்வளவு நல்லா இருந்தது துர்ரா! ஒரு மரத்துக்கு நாலு படம், நாலு திசைக்கு ஒண்ணு. நிஸார் கேமராவோட குனிஞ்சுகிட்டு "வரிசை பதினாலு, மரம் ஒன்பது, கிழக்கு!"ன்னு கத்துவான். நீ நோட்டுல எழுதுவே. நான் ரொட்டியில மிளகாய் ஹரிஸா தடவறதா பேர் பண்ணி பாதியைத் தின்னுடுவேன். இப்போ இங்கே எந்த ரொட்டியும் அப்படி இல்லை.

உன்
ஹாத்திம்


ஸ்ஃபாக்ஸ்
15 ஜனவரி 2023

அண்ணா,

சுகமா இருக்கியா? கோபமா? ரெண்டு மாசமாச்சுன்னு தெரியும். முதல்ல அறுவடை, அப்புறம் எண்ணெய் ஆட்டறது, அப்புறம் எனக்குக் காய்ச்சல், அப்புறம் பரீட்சைத் தாள். இதுல எது உனக்குப் பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்கோ.

மொன்றியல் போற ஒருத்தர்கிட்ட அஞ்சு லிட்டர் எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கேன். இந்த வருஷம் மழை இல்லாம காய் சின்னது, ஆனா வாசனை அள்ளுது. உன் நண்பர்களுக்கு பங்கு போட்டுத் தொலைக்காதே.

பேர் வைக்கிற தேதி குறிச்சாச்சு, மே இருபத்தேழு. மாமா அதுக்காகப் புது ஜெப்பா அங்கி தைக்கக் கொடுத்திருக்கார், ஓரத்துல பட்டு நூல் வேலையெல்லாம் வச்சு. "எங்க கல்யாணத்துக்கே இவ்வளவு பண்ணலையே மாமா"ன்னேன். "அன்னைக்கு மாப்பிள்ளை வேற ஆள்"னார்.

அந்த மொராக்கோ பொண்ணு மட்டமான கேமராவுல எடுத்திருப்பா. பழைய படங்கள் எங்கேயாவது பெட்டியில இருக்கும், தேடணும்.

துர்ரா


மொன்றியல்
29 ஜனவரி 2023

துர்ரா,

எண்ணெய் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் சல்மா கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னா. நான் ரொட்டியைத் தேடிப் போறதுக்குள்ள விரலை விட்டு நக்கிட்டா. உன் கைக்கு ஆயிரம் நன்றி. காய்ச்சல் முழுசா விட்டுதா?

பழைய படங்களைத் தேட வேண்டாம். நானே ஒரு மாதிரி சோதிச்சுப் பார்த்துட்டேன். புதுசா எழுதினது தொண்ணூத்தாறு வரலை, எழுபத்தொன்பதுதான் வருது. வேகம் வேகம்னு நான்தான் எங்கேயோ சொதப்பியிருக்கேன். வயசாச்சு. அதனால இதை அப்படியே விட்டுடலாம், மே மாசத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம். நீ ஒண்ணும் யோசிக்காதே. விழா நல்லபடியா நடக்கட்டும்.

மாமாவோட ஜெப்பா தைச்சு வந்ததும் படம் அனுப்பு.

ஹாத்திம்


ஸ்ஃபாக்ஸ்
3 பிப்ரவரி 2023

அண்ணா,

குசலமெல்லாம் அப்புறம். சின்ன வயசுலேருந்து உனக்குப் பொய் சொல்ல வராது, இப்போ மட்டும் எதுக்கு முயற்சி பண்றே?

நீ எழுதி வச்சதைத் திறந்து படிச்சேன். நீ எதையும் சொதப்பலை. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எடுத்த நேரம் பதிஞ்சிருக்கு. ஒரே நிமிஷத்துல எடுத்த நாலு படம் ஒரே மரம்னு கண்டுபிடிச்சு, அந்த நாலையும் ஒண்ணாக் கட்டியிருக்கே. கட்டின பிறகுதான் எழுபத்தொன்பது.

அதாவது, இத்தனை நாளா ஒரே மரத்தோட கிழக்குப் படம் பாடத்துல இருந்திருக்கு, மேற்குப் படம் பரீட்சையில வந்திருக்கு. கேள்வித்தாளை முதல் நாளே காட்டிட்டு, பிள்ளை தொண்ணூத்தாறு வாங்கிட்டான்னு நாம ஊரெல்லாம் கொண்டாடியிருக்கோம். அதைச் சொல்ல மனசில்லாம பழியை உன் தலையில போட்டுக்கிட்டே. சரிதானே?

உன்னைக் கெஞ்சிக் கேட்கறேன் அண்ணா. மே இருபத்தேழு வரைக்கும் வாயைத் திறக்காதே. ஒரு நாள், அந்த மனுஷன் புது ஜெப்பா போட்டுக்கிட்டு மகன் பேரைப் பலகையில பார்க்கட்டும். அதுக்கப்புறம் நீ என்ன வேணும்னாலும் எழுது. உம்மா மேல ஆணை.

துர்ரா


மொன்றியல்
19 மார்ச் 2023

துர்ரா கண்ணு,

ரமலான் வாசல்ல வந்து நிற்குது. உனக்கும் மாமாவுக்கும் நோன்பு லேசா அமையட்டும். நீ ஆணை வச்சே, நானும் இதுவரைக்கும் வாயைத் திறக்கலை.

இல்ஹாம் மறுபடி எழுதியிருக்கா. தோப்புக்காரங்க முடிவு பண்ணிட்டாங்களாம். பெருநாள் முடிஞ்ச முதல் திங்கட்கிழமை இருநூத்திப் பன்னிரண்டையும் வெட்டறாங்க. அறுபது வயசு மரங்கள். அவ லேப் முடிவைக் காட்டினாளாம். "நீ பத்துதானே பார்த்தே? தொண்ணூத்தாறு சதவீதம்னு அச்சடிச்ச கட்டுரையே இருக்கே"ன்னு அவளை மடக்கிட்டாங்க. "கொஞ்சம் பொறுங்க"ன்னு மட்டும் எழுதினேன். "எதுக்காகன்னு சொன்னா அவங்ககிட்ட பேச முடியும்"னு கேட்டா. நான் பதில் போடலை.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நிஸார் ஒவ்வொரு படத்துக்கும் மர எண்ணோடதானே பேர் வச்சான்? அந்தப் பேரை யார் ஒண்ணு, ரெண்டுன்னு மாத்தினதுன்னு தேடினேன். எந்த வரியை யார் தொட்டாங்கன்னு காட்டற பட்டியல் இருக்கே, அதுல பார்த்தேன். பேர் மாத்தற சின்ன புரோகிராம், நாப்பத்தொரு வரி. அத்தனை வரிக்குப் பக்கத்துலயும் நிஸார் பேர்தான் நிற்குது, ஆகஸ்ட் 2019. அவனேதான் துர்ரா. எனக்கும் வலிக்குது.

அவன் என் நண்பன். உனக்குப் புருஷன் ஆகறதுக்கு முன்னாடியே என் நண்பன். ஆனா அந்த மரங்களும் யாரோ ஒருத்தரோட அப்பா நட்டதுதானே. நீ சொல்லாம நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். ஆனா சொல்லு.

உன்
ஹாத்திம்


ஸ்ஃபாக்ஸ்
22 ஏப்ரல் 2023

அண்ணா,

பெருநாள் வாழ்த்துகள். வருஷம் முழுக்க உங்க ரெண்டு பேருக்கும் சுகமும் நிம்மதியும் கிடைக்கட்டும். நேத்து உப்பு மீனும் அதுக்குத் தொட்டுக்க ஷர்மூலாவும் பண்ணினேன். உலர் திராட்சை கொஞ்சம் கூடிப்போச்சு. நீ இருந்திருந்தா குறை சொல்லிக்கிட்டே மூணு தட்டு சாப்பிட்டிருப்பே.

இனி நழுவலை. அந்தப் பேர்களை மாத்தினது நிஸார் இல்லை. நான்.

2011 ஜூன். அவன் வேலையா ஒரு வாரம் துனிஸ் போயிருந்தான். நான் அப்போதான் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டிருந்தேன். நீளநீளமான பேரைப் படிச்சுப் படிச்சு அது நத்தை மாதிரி நகர்ந்தது. அவன் வர்றதுக்குள்ள வேகமாக்கிக் காட்டணும்னு ஆசை. நாலாயிரத்து நானூறு படத்துக்கும் வரிசையா எண் போட்டேன். அவன் புரோகிராம், படத்தோட பேர்ல இருந்த மர எண்ணைப் பார்த்துத்தான் ஒரே மரத்துப் படங்களைச் சேர்த்து வச்சிருந்தது. எண் போனதும், ஒவ்வொரு படமும் தனி மரம்னு அது சத்தமில்லாம எடுத்துக்கிச்சு. அதுவரை எண்பது. அடுத்த வாரம் தொண்ணூத்தாறு! அவன் துனிஸ்ல உட்கார்ந்து ஏதோ மாத்தியிருந்தான், அதனாலதான்னு நினைச்சோம். கேக் வாங்கினோமே, நீகூடப் பெரிய துண்டுக்கு சண்டை போட்டே.

ஆஸ்பத்திரியில ஒரு நாள் கேட்டான்: "துர்ரா, படத்துக்கெல்லாம் பழைய பேர் எழுதின நோட்டு இருக்கா?" "இப்போ அது எதுக்கு, படு"ன்னேன். "சும்மாதான்"னான். அவன் போன பிறகுதான் உட்கார்ந்து யோசிச்சேன். புரிஞ்சது. நோட்டு வீடு மாறும்போதே தொலைஞ்சு போயிருந்தது. மூணு வருஷமா இதை மறைச்சுக்கிட்டு இருக்கேன். மே இருபத்தேழு மாமாவுக்காகன்னு எழுதினேனே, பாதிதான் உண்மை.

போன வாரம் மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நோன்பு திறந்து, ஷொர்பா குடிச்சுட்டு இருந்தார். கிண்ணத்தை வச்சுட்டார்.

"அப்போ என் மகன் எழுதினது பொய்யா?"

"இல்லை மாமா. அவர் சரியா எழுதினார். நான் கெடுத்தேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியலை மாமா."

ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் சமையலறைக்கு வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "அந்தப் பொண்ணு எழுதின மரமெல்லாம் காய்க்கிற மரமா?"ன்னார். "ஆமா"ன்னேன். "அப்போ என்ன பார்த்துக்கிட்டு இருக்கே? எழுதித் தொலை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நேத்து பெருநாள் மீனை அவர் தொடவே இல்லை.

இன்னைக்குக் காலையில எழுதிட்டேன். இல்ஹாமுக்குத் தனியா. ஷெம்லாலியோட முதல் பக்கத்துல, எல்லாரும் பார்க்கற மாதிரி, என் பேர் போட்டு. இன்ஸ்டிட்யூட்டுக்கும். மர எண்களை அழிச்சது நான், தொண்ணூத்தாறை நம்பாதீங்கன்னு.

உன் தங்கை
துர்ரா


மொன்றியல்
25 ஏப்ரல் 2023

என் செல்லத் தங்கைக்கு,

நீ தூங்கறியா, சாப்பிடறியா? முதல்ல அதைச் சொல்லு.

நேத்து திங்கட்கிழமை அங்கே ரம்பம் ஓடலை. இல்ஹாம் எழுதியிருக்கா. உன் கடிதத்தை அச்சடிச்சுத் தோப்புக்காரங்க முன்னாடி வச்சாளாம். ஒவ்வொரு மரத்துக்கும் லேபுல பார்த்துட்டுத்தான் வெட்டுவாங்களாம்.

ஆனா உன்னை ஒண்ணு கேட்கணும். பொதுப் பக்கத்துல ரெண்டு பேர் உன் குறிப்புக்குக் கீழே எழுதியிருக்காங்க, பார்த்தியா? "பட்டியல்ல அவர் பேர்தானே இருக்கு, புருஷனைக் காப்பாத்த இந்தம்மா பழியை ஏத்துக்கறாங்க"ன்னு. உண்மையைச் சொல்றேன் துர்ரா, எனக்கும் அப்படித்தான் தோணுது. பட்டியல் பொய் சொல்லாது. அவன் பேருக்காக நீ உன் பேரைக் கெடுத்துக்கிட்டா, அவனே அதை விரும்பியிருக்க மாட்டான். என்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லு.

உன்
ஹாத்திம்


ஸ்ஃபாக்ஸ்
28 மே 2023

அண்ணா,

உங்களுக்கு எல்லா சுகமும் உண்டாகட்டும். தூங்கறேன், சாப்பிடறேன். ஒரு மாசம் உன்மேல கோபமா இருந்தேன், அதுவும் உடம்புக்கு நல்லாத்தான் இருந்தது. நான் வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டுச் சொன்ன ஒரு உண்மை, அதை நம்பலை நீ!

நேத்து இருபத்தேழு. பலகை வரலை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு இன்ஸ்டிட்யூட்ல நாசூக்கா சொல்லிட்டாங்க. மாமா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கே புது ஜெப்பாவைப் போட்டுக்கிட்டுப் போயிட்டார். "என்ன விசேஷம்?"னு கேட்டவங்ககிட்ட "தைச்சாச்சே, பூச்சிக்கா கொடுக்கறது?"ன்னாராம். என்கூடப் பேசறார். பழையபடி இல்லை, ஆனா பேசறார். இல்ஹாமோட தோப்புல கடைசியில அம்பத்தேழு மரத்துக்குத்தான் நோய். மீதி நூத்தி அம்பத்தஞ்சுக்குத் தண்ணி விடறாங்க. குழாய் போட்ட படம் அனுப்பியிருக்கா. மாமாகிட்ட காட்டினேன், கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

நேத்து அந்தக் கூடத்துல நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். உன் பட்டியலைத் திறந்தேன். நாப்பத்தொரு வரி, நிஸார் பேர், 21 ஆகஸ்ட் 2019. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இது நான் எழுதினதாச்சேன்னு தோண்டிப் போனேன். அந்தப் பட்டியல், கடைசியா யார் தொட்டாங்களோ அவங்க பேரைத்தான் காட்டும். இருபது வருஷமா இதே வேலை பண்றே, ஒரு படி கீழே இறங்கிப் பார்க்க மாட்டியா நீ? கீழே இருந்தது: 14 ஜூன் 2011, துர்ரா. பக்கத்துல என் குறிப்பு: "பேரெல்லாம் சுருக்கியாச்சு, இனி பறக்கும்!"

அப்போ 2019-ல அவன் என்ன மாத்தினான்? பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறலை. ஒரு புள்ளி மாறலை. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் கண்ணுல பட்டது. புதுசுல ஒவ்வொரு வரியோட கடைசியிலயும் கூடுதலா ஒரே ஒரு காலி இடம். நாப்பத்தொரு வரிக்கும் ஒண்ணொண்ணு.

அந்த ஆகஸ்ட்ல அவனால ஸ்பூன் பிடிக்க முடியாது அண்ணா. வலது கையில ஊசி, ஷொர்பாவை நான்தான் ஊட்டினேன். லேப்டாப்பைக் கேட்டதுக்கு நான் திட்டினது ஞாபகம் இருக்கு. "அஞ்சு நிமிஷம் கொடு துர்ரா"ன்னான். அரை மணிக்கு மேல வச்சிருந்தான். ஒரு விரலால ஒவ்வொரு வரியாப் போய்த் தட்டியிருக்கான். என்னைக்காவது யாராவது கண்டுபிடிச்சுத் தேடி வந்தா, என் பேரைப் பார்க்கக் கூடாதுன்னு.

கோபம் கோபமா வருது. திருத்தியிருக்கலாம் இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதியிருப்போமே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். காவலாளி வந்து தண்ணி கொடுத்துட்டுப் போனார்.

நீ எழுதினதை இந்த மாசம் முழுக்க வரி வரியா சரிபார்த்துட்டேன். எழுபத்தொன்பது. நல்லா எழுதியிருக்கே. அதைச் சேர்த்ததும் இந்த நாப்பத்தொரு வரியும் அங்கேருந்து போயிடும். போகத்தான் வேணும்.

சல்மாவை நான் கட்டிப்பிடிச்சதா சொல்லு. முழங்காலுக்கு எண்ணெயைச் சூடு பண்ணித் தேய், சாப்பிட்டே தீர்த்துடாதே.

நாளைக்குக் காலையில, காபி குடிச்சதும் சேர்த்துடறேன். இன்னைக்கு ஒரு நாள் அது அப்படியே இருக்கட்டும் அண்ணா.

உன்
துர்ரா